சோப்பு மெட்டில் பேசியவர்

குடிநீர் வாரியத்தின் இணைப்புப் பிரிவில் அவர் தலைமை அலுவலர். புதுக் குழாய் கேட்டு வருகிற விண்ணப்பம் எதுவானாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்ததோடு அதன் பயணமும் முடிந்துவிடும். கை நீட்டுகிறவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. யாராவது ஒரு பழம் கொண்டுவந்தாலே முகம் சிவந்து திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய வியாதி வேறு. கையெழுத்துப் போடப் பயம். பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் கொண்டுபோகும்போதே, பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது யார் போட்ட கையெழுத்து?" என்று கேட்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்துவிடும். உடனே பேனாவை மூடிவிடுவார். எதிரே நிற்பவரைப் பார்த்து, ரொம்பத் தன்மையாக, "நாளைக்கு வாங்க" என்பார்.

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. இருபத்தெட்டு வருடம். அலுவலகத்தில் அவருக்கு 'நாளைக்கு சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தவள், "மூணு லட்சத்தைத் தாண்டிடுச்சுங்க. சாதனை" என்றாள்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அலுவலக நாற்காலியிலேயே பக்கவாதம் வந்தது. வலது கை தன்னுடையதே இல்லை என்பதுபோல மேசைமேல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உதவியாளர் டீ கொண்டுவந்தார். 'எனக்கு என்னமோ பண்ணுது, டாக்டரைக் கூப்பிடு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது, "நாளைக்கு வாங்க."

உதவியாளர் டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "சாருக்கு இன்னிக்கு டீ வேணாமாம். நாளைக்குத்தானாம்."

நல்ல வேளையாக, கோப்பு ஒன்றைக் கொண்டுவந்த தட்டச்சர் அம்மாள் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைக் கவனித்தாள். அவள் போட்ட கூச்சலில் பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அவள் மட்டும் அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனபின் டாக்டர் டீச்சரை உட்காரவைத்து விளக்கினார். மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தில் அடி. நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், நினைப்பும் நேராகவே ஓடும். நினைத்ததைச் சொல்லாக்கி வெளியே அனுப்புகிற வழிதான் அடைபட்டுப்போயிருக்கிறது. எழுதுவதும் இப்போதைக்கு முடியாது. "சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். ரொம்பப் பழகின வார்த்தையா இருக்கும். இவருக்கு என்ன நின்னிருக்குன்னு பாக்கலாம்." கட்டில் பக்கம் குனிந்து, "சார், உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"நாளைக்கு வாங்க."

"ஓ, அசதியா இருக்கா? சரி, நாளைக்கே வரேன்" என்று டாக்டர் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். நான்காம் நாள்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. டீச்சருக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு வேடிக்கை கூடியது. தலையணையை உயர்த்தி வைக்கவா என்றாலும் நாளைக்கு வாங்க, பசிக்கிறதா என்றாலும் நாளைக்கு வாங்க. முகம் மழிக்க வீட்டுக்கு வந்த முடிதிருத்துபவர் மூன்று நாள் வாசலோடு திரும்பிப் போனார். நான்காம் நாள், "சாருக்குத் தாடி வளக்கணும்னு ஆசைபோல" என்று டீச்சரிடம் வருத்தப்பட்டுவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார். பார்க்க வந்த அலுவலக நண்பர்கள், பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துகொண்டு, தெருவே கேட்கும்படி "எப்...படி இருக்கீங்க?" என்று கத்தினார்கள்.

மனசுக்குள் அவர் முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். 'ஐயா, தாங்கள் இப்படிக் கத்துவதால் என் தலைவலி அதிகமாகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அந்த வாக்கியம் தொண்டைவரை வந்து, அங்கே வரிசையில் நின்று, கடைசியில் வழக்கமான பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்.

டீச்சர் ஓர் அட்டையில் படம் வரைந்து கொடுத்தாள். தண்ணீர், டீ, கழிவறை, மின்விசிறி. இடது கையால் தொட்டுக் காட்டினால் போதும். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அவருக்குச் செய்தித்தாள் வேண்டியிருந்தது. அட்டையில் செய்தித்தாள் இல்லை. அட்டை பறந்துபோய் அலமாரியில் மோதி விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்வதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டில் பாதி மிஞ்சியது. ஒரு நாள் மாலை பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, போய் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரின் விடுப்பு முடிந்தது. பகலில் துணைக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க "பிரேக்கு! பிரேக்கைப் புடி!" என்று அலறி அலறி, சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் கனத்துப்போயிருந்தது. அத்தானுக்கும் அவனுக்கும் இருபது வருடப் பகை. காரணம், அவன் குளியலறையில் பாடுவான்.

வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான். சின்ன வயதில் வானொலியில் தினமும் கேட்ட ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு.

"நுரை நுரையா வருமே... அழுக்கு ஓடிப் போகுமே... அம்மா முகம் வளருமே..."

கட்டிலில் கிடந்த நாளைக்கு சாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வளருமேயா? அம்மா முகம் எதற்கடா வளர வேண்டும்? அவன் விடவில்லை. இரண்டாம் தடவையும் அம்மா முகம் வளர்ந்தது. மூன்றாம் தடவையும் வளர்ந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா முகம் மலருமே!" என்று அறைக்குள்ளிருந்து ஒரு குரல் பாடியது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஒரு நிமிடத்தில், இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாக மச்சினன் வந்து நின்றான். சொட்டச் சொட்ட.

"அத்தான்... இப்ப பாடினது யாரு? நீங்களா?"

"நாளைக்கு வாங்க" என்றார் அவர். சொன்னவருக்கே அழுகை வந்தது.

"பேசாதீங்க! பேசாதீங்க அத்தான், பாடுங்க! நுரை நுரையா..."

"...வருமே" என்று அவர் எடுத்தார். ஒரு சொல்கூடத் தவறாமல் பாட்டு முழுக்க வந்தது. கண்ணில் நுரை புகுந்ததாலோ என்னவோ, மச்சினனும் அழுதுகொண்டிருந்தான்.

தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட பேச்சுப் பயிற்சியாளர் அதிர்ச்சி அடையவே இல்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கிற சின்னப் பெண் அவள். "நடக்கிறதுதாங்க. பேச்சு வர்ற ரோடு அடைச்சிருக்கு. பாட்டு பாதிக்குமேல வேற ரோட்டுல வரும். அந்த ரோட்டுல நம்ம வார்த்தைங்களையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அனுப்பிப் பாக்கலாம். ஆனா உடனே எல்லாம் சரியாயிடும்னு நினைச்சுக்காதீங்க."

ரோடு என்ற சொல்லைக் கேட்டதும் மச்சினனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மாத்துப் பாதை போட்டாச்சு அத்தான்! இனிமே சுத்தித்தான் போகணும், ஆனா போயிரலாம்."

பயிற்சி எளிதாகத்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு. இடது கையால் மேசையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஓர் அசை. பயிற்சியாளர் கூடவே பாடுவாள், பிறகு மெல்லக் குரலைக் குறைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டுவிடுவாள். 'தண்ணி வேணும்' என்பதற்கு ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அவர் தன் வீட்டில், தன் கட்டிலில் உட்கார்ந்து, மனைவியைப் பார்த்து, "தண்ணி எனக்கு வேணுமே" என்று சோப்பு மெட்டில் பாடினார். டீச்சர் ஒன்றுக்கு மூன்று தம்ளர் கொண்டுவந்தாள்.

அதிலிருந்து வீட்டில் எல்லாமே அந்த மெட்டுதான். "தாடி ரொம்பக் குத்துமே" என்று பாடியதும் முடிதிருத்துபவர் திரும்ப வரவழைக்கப்பட்டார். கத்துகிற நண்பர் அடுத்த தடவை வந்தபோது, "காது நல்லாக் கேக்குமே, கத்த வேணாம் எப்பவுமே" என்று பதில் கிடைத்தது. எந்த வாக்கியத்தையும் 'மே'யில் கொண்டுபோய் முடிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான் சங்கடம். விடைத்தாள் திருத்தும்போது டீச்சருக்கும் அந்த மெட்டு தொற்றிக்கொண்டு, "இந்தக் கணக்கு தப்புமே" என்று வாய் தானாக முணுமுணுத்தது. பாதி மிஞ்சிய சாப்பாடு இப்போது மிஞ்சவில்லை.

புதன்கிழமைகளில் காலையில் மருத்துவமனையில் சேர்ந்து பாடுகிற குழு ஒன்று இருந்தது. பின்பக்கக் கட்டடத்தில், போர்வைகள் அடுக்கி வைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. ஒரு கீபோர்டு, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், பேச்சிழந்த ஆறேழு பேர். நாளைக்கு சார் முதலில் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். உயர் அலுவலர் ஒருவர் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பாடுவதாவது? மச்சினன் அவரைக் காரில் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, கதவைப் பூட்டிவிட்டான்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். மலைபோல ஆள், கையில் ஊன்றுகோல். வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு நின்ற வார்த்தை கடையில் நாளெல்லாம் சொன்ன வார்த்தை.

"அடுத்தது யாரு?" என்றார் ரொட்டிக்காரர், வணக்கம் சொல்கிற பாவனையில்.

"நாளைக்கு வாங்க" என்றார் இவர், மரியாதையாக.

ரொட்டிக்காரர் சட்டென்று திரும்பி இவரை உற்றுப் பார்த்தார். "அடுத்தது யாரு?" இந்தத் தடவை குரலில் ஒரு சந்தேகம்.

"நாளைக்கு வாங்க."

"அடுத்தது யாரு! அடுத்தது யாரு!"

"ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிறீங்களே" என்று பயிற்சியாளர் மகிழ்ந்துபோனாள்.

அடுத்த வாரமும் ரொட்டிக்காரர் பாடாமல் இவரையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் பயிற்சியாளர் ஒரு புதுப் பாடம் கொண்டுவந்தாள். "இன்னிக்கு ஒவ்வொருத்தரும், யார்கிட்டயாவது நிஜமாவே சொல்லணும்னு இருக்கிறதைப் பாடணும். பிடிச்ச மெட்டு எதுன்னாலும் சரி. கடைசி வரியை மத்தவங்க எல்லாரும் சேர்ந்து திருப்பிப் பாடணும். யாரு முதல்ல?"

ரொட்டிக்காரர் எழுந்தார். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராக நாளைக்கு சாரின் முன்னால் வந்து நின்றார். ஒரு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். அவருக்குப் பழகிய மெட்டு தாலாட்டு. அது ஒன்றுதான் தடையில்லாமல் வரும். அதனால், தொட்டிலை ஆட்டுகிற இழுவையில், கண்ணில் பொறி பறக்க, இப்படிப் பாடினார்:

"ரெண்டு வருஷம்... நடந்தேனே... நாளை நாளைன்னு... சொன்னியே... தண்ணி எங்கே... என் தண்ணி எங்கே..."

"தண்ணி எங்கே... என் தண்ணி எங்கே..." என்று குழு மொத்தமும் அன்பாகத் திருப்பிப் பாடியது.

பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் அவருக்கு வந்ததே இல்லை. "பிரமாதம் சார்! இன்னொரு தடவை!"

ரொட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? இன்னொரு தடவை பாடினார். விரல் இப்போது மூக்கைத் தொட்டுவிடும்போல் இருந்தது. குழு இன்னும் உருக்கமாகத் திருப்பிப் பாடியது. மூன்றாவது தடவைக்குக் கீபோர்டும் சேர்ந்துகொண்டது.

நாளைக்கு சாருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆளை இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. ஊன்றுகோலும் இழுத்த காலும் வருவதற்கு முன்னால் வாரம் தவறாமல் மேசைக்கு எதிரே வந்து நின்ற ஆள். ஏதாவது சொல்லியாக வேண்டும். 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பதற்றத்தில் தாளம் தட்ட மறந்தார், மெட்டையும் மறந்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

ஊன்றுகோல் தலைக்குமேல் உயர்ந்தது. மச்சினன் பாய்ந்து நடுவில் விழுந்து, "பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறினான். ரொட்டிக்காரர் கோலை இறக்கினார். நாளைக்கு சாரை மேலும் கீழும் பார்த்து, "அடுத்தது யாரு" என்று காறித் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

வெளியே நடைக்கூடத்தில் ரொட்டிக்காரரின் மனைவி மச்சினனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்கு இருப்பது நூல்போல வருகிற ஒரே குழாய். மாவு பிசைய, பாத்திரம் கழுவ எதற்கும் போதாது. தெருமுனைக் குழாயில் பிடித்து இரண்டு கேனாகத் தூக்கித் தூக்கி அவள் தோள்பட்டை போய்விட்டது. இரண்டாவது இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தெரு வரைபடத்தில் மட்டும் ஒரு கையெழுத்து இல்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"யார் கையெழுத்துக்கா?" என்று மச்சினன் கேட்டான்.

"இணைப்புப் பிரிவுத் தலைமை அலுவலர் கையெழுத்தாம்."

மச்சினன் அத்தானை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னான். டீச்சர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, உங்க கையெழுத்து இல்லன்னு நீங்களே நிறுத்தி வெச்சீங்களா?"

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பதில் சொல்லுங்க. பாடுங்க, பரவாயில்ல."

இடது கை மேசையைத் தட்டத் தொடங்கியது. "பயமா... இருந்துச்சுமே" என்று அவர் பாடினார். குரல் உடைந்தது. "போட... பயமா... இருந்துச்சுமே."

டீச்சருக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதிக் காட்டக் கை வராது. தொலைபேசியில் சொல்லிவிட வேண்டியதுதான். டீச்சர் அசை எண்ணி நான்கு வரி அமைத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை. வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு அழைப்புப் போனது. எடுத்தது அந்தத் தட்டச்சர் அம்மாள்தான். எதிர்முனையில் மேசை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பாட்டு.

"இடது பக்க பீரோவே... மூணாம் தட்டின் அடியிலே... ரொட்டிக் கடை கோப்புமே... இன்னிக்கே அது வேணுமே..."

அம்மாள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "சார், குரல் உங்களோடதுதான். ஆனா... இன்னிக்கேன்னா சொன்னீங்க?"

"இன்னிக்கே! இன்னிக்கே! வேணுமே!"

அவர் பாடினார் என்பதைவிட இன்னிக்கே என்றார் என்பதுதான் அலுவலகம் முழுக்கப் பரவியது. அவர் இடத்தில் இருந்த பொறுப்பு அலுவலர் பீரோவைத் திறந்தார். மூன்றாம் தட்டின் அடியில் ரொட்டிக்கடைக் கோப்போடு இன்னும் பதினேழு கோப்புகள் இருந்தன. பதினெட்டிலும் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. பதினோராம் நாள் ரொட்டிக்கடைத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள்.

அதன்பிறகு வந்த புதன்கிழமை, ரொட்டிக்காரர் ஒன்றும் பாடவில்லை. தன் நாற்காலியை இழுத்து நாளைக்கு சாரின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாடும்போது போர்வை அறையில் வேலை செய்கிறவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் பொய். தொலைபேசி மணி அடித்தால் இன்னும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எண்களும் மாதங்களும் இடம் மாறும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார். புதன்கிழமைகளில் மச்சினன் காரை எடுப்பதற்குள் வாசலில் சட்டை போட்டு நின்றார். மச்சினன் ஊருக்குத் திரும்பவேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிக்காரர் மூன்று பேரையும் கடைக்கு அழைத்திருந்தார். புதுக் குழாய் பொங்கிப் பொங்கி ஊற்றியது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியை அவர் மனைவி பெரிய பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். ஆவி பறந்தது. ரொட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, நாளைக்கு சாரின் முகத்தையே பார்த்தபடி நின்றார். பாராட்டு வாங்காமல் விடமாட்டார் என்பது தெரிந்தது.

நாளைக்கு சார் ஒரு வாய் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

இடது கை மடியில் கிடந்தது, எதையும் தட்டவில்லை. மெட்டும் இல்லை, 'மே'யும் இல்லை. சொன்னவர் தான் சொன்னதைக் கவனிக்காமல் அடுத்த வாய் கடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் தம்பியின் கையைப் பிடித்த பிடியில் அவனுக்கு வலித்தது. ஆனால் அவன் அன்றைக்கு மட்டும் சத்தம் போடவில்லை.

ரொட்டிக்காரரின் முகம் சிவந்தது. அவரும் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். பிறகு மனைவியைப் பார்த்து, வேண்டா வெறுப்பாக, ஆமாம் என்று தலையாட்டினார்.